எத்தனை பாகம்

சேர்க்கைப் படிவத்தில் ஒரு கட்டம்,
தந்தையின் தொழில்.
கடல் என்று எழுதினேன்.
கிளாக்கர் அதை வெட்டி
மேலே சின்னதாய் மீன்பிடி என்று திருத்தினார்.
கல்வித் தகைமைக் கட்டத்தை
அவரே கேட்காமல் கோடிழுத்து விட்டார்.

குருநகரில் எங்கள் ஒழுங்கைக்கு
நான் இப்போதே டொக்டர்.
பெனடிக்ரா மாமி குளிசைக் காட்டைப் படமெடுத்து அனுப்புகிறா.
மினுக்கத்தில் பெயர் தெரியாது,
மாமியின் பெருவிரல் தெரியும்.
"மோனை, இது சீனிக்கோ பிரசருக்கோ?"
மாமி, நான் தாதியர் கல்லூரி, முதலாம் வருசம்.
கட்டில் விரிப்பின் மூலையை
நாற்பத்தைந்து பாகையில் மடிக்கத்தான்
இன்னும் படிப்பிக்கிறார்கள்.
அம்மா போனைப் பறித்து
"பிள்ளை பார்த்துச் சொல்லுவாள்" என்கிறா.
திருத்துவதை ஐப்பசியோடு விட்டுவிட்டேன்.

புத்தகம் ஆங்கிலத்தில்.
இரவில் ஐஸ் பெட்டியைக் கவிழ்த்து மேசையாக்கி
பக்கத்துக்கு முப்பது சொல்லுக்குப் பென்சிலால் அர்த்தம் எழுதுகிறேன்.
பெட்டி எவ்வளவு கழுவினாலும்
சுவாசத் தொகுதி அத்தியாயத்தில் கொஞ்சம் சூடைமீன் மணக்கும்.
வெள்ளைச் சப்பாத்து
அண்ணன் கிளனிஸ்ரன் அட்டை பிடித்த காசு.
எத்தனை அட்டைக்கு ஒரு சோடி என்று
நான் கேட்டதில்லை.

வெள்ளி பின்னேரம், ஒன்பதாம் வார்ட்.
பாஷையூர் கபிரியேலைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்,
ஈரக் காற்சட்டையோடு.
மாத்தறையிலிருந்து வந்த இளம் டொக்டருக்கு
பத்துத் தமிழ்ச் சொல் தெரியும்.
"எங்கே வலி?"
"தோள்மூட்டுக்குள்ள கடல் நிக்குது, ஐயா."
டொக்டர் என்னைப் பார்த்தார்.

ஜொயின்ற் பெயின், என்றேன்.
எழுதினார்.
பிழையில்லாத மொழிபெயர்ப்பு.
ஆனாலும் ஏதோ ஒன்று என் வாயிலிருந்து தவறி
கட்டில் சக்கரத்தின் கீழ் உருண்டு போனது.

மாணவிகள் கேள்வி கேட்கக் கூடாது.
கால்மாட்டில் நின்று பார்க்கலாம்.
"எத்தனை பாகம், அண்ணை?"
என் குரல்தான் அது.
"பதினெட்டு."
"எத்தனை சிலிண்டர்?"
"நாலு… ஐஞ்செண்டு வையன்."
"கடைசியா எப்பிடி ஏறினனீங்கள்?"
கண்ணை மூடிக்கொண்டார்.
"காத்து முடிஞ்சுது. உதைச்சுக்கொண்டு வந்தன்."

முப்பத்துமூன்று மீற்றர். ஐந்து தரம். எங்கும் நிற்காமல் மேலே.
சொல்லச் சொல்ல
டொக்டரின் பேனா நின்றது.
பிறகு எல்லாம் வேகமாய் நடந்தது,
ஒட்சிசன், ஊசி, யாரோ யாருக்கோ தொலைபேசி.
சிஸ்ரர் என்னைப் பார்த்த பார்வை
திட்டுவதா விடுவதா என்று அவவுக்கே தெரியாத பார்வை.
"மாஸ்க் வார் முறுகியிருக்கு.
நிண்டு பாக்காமல் சரிபண்ணும்."

வாரைச் சரிசெய்யக் குனிந்தபோது
முகமூடிக்குள்ளிருந்து கேட்டார்,
இந்த ஊரில் எல்லோரும் கேட்பதை:
"நீ ஆற்றை பிள்ளை?"
வேறு வார்டுகளில் இந்தக் கேள்விக்கு
எனக்கு முதுகு விறைக்கும்.
இவருக்குச் சொன்னேன்.
"ஓ, கிளனிஸ்ரன்ர தங்கச்சி."
கண்ணாடியில் புகைபோல மூச்சு படிந்து விலகியது.
"அவனும் நாளைக்கு
அதே இடத்தில எல்லோ இறங்குறான்."

சைக்கிளை எப்படி மிதித்தேன் தெரியாது.
அண்ணன் வாசலில் சிலிண்டர் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தான்.
நைதரசன், அமுக்கம், இரத்தத்தில் குமிழி,
பென்சில் அர்த்தங்கள் எல்லாவற்றையும் கொட்டினேன்.
சிரித்தான்.
போகாதே என்று சொல்ல வாயெடுத்தேன்.
காலில் சப்பாத்து இருந்தது.
"சரி. ஏறேக்க மூண்டு பாகத்தில நில்.
நூறு எண்ணு. ரெண்டு தரம்.
காத்து மிச்சம் வை."
"டொக்டர் சொன்னால் சரி," என்றான்.

சனி, பதினொரு மணி, மேலதிக வகுப்பு.
மிஸ் பலகையில் நுரையீரல் கீறுகிறா.
வலதில் மூன்று சோணை, இடதில் இரண்டு.
எல்லோரும் எழுதுகிறார்கள்.
"என்ன, நீர் எழுதேல்லையா?"
தொண்ணூற்றேழு.
தொண்ணூற்றெட்டு.